ஃபீஸ் அஞ்சு ரூபாய்... எடுத்தது மூணு ரூபாய்!

என் ரூம்மேட்டோட செமஸ்டர் ஃபீஸ் காணாமல் போன கதையில் இருந்து இதை ஆரம்பிக்கிறேன். திருடு எல்லாம் போகலை பாஸ்... தீட்சைக்குப் போயிடுச்சு!

கிழக்குத் தாம்பரத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் மொட்டை மாடி ரூம் எங்களுடையது. அதில் நம்ம ஆள் மெக்கானிக்கல், தேர்டு இயர். ரெண்டு அரியர். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவன், போன வருஷக் கடைசியில் ஒரு மாதிரி ஆனான். தூக்கம் வரவில்லை என்றான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு 'குருஜி'யின் வகுப்புக்குப் போனான். முதல் வகுப்பு ஃப்ரீ. ரெண்டாவது வகுப்பு ஐந்நூறு. மூணாவது மூவாயிரம். அப்புறம் 'நேரடி தீட்சை'. அதுக்கு முப்பதாயிரம். அப்பா செமஸ்டர் ஃபீஸுக்கு அனுப்பிய பணம், ஒரே ஒரு ஜிபே சத்தத்தில் கைமாறியது.

அதைக்கூட விடுங்கள். வாட்ஸ்அப் க்ரூப் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். எந்தக் கிழமை எந்தக் கலர் சட்டை என்பதில் இருந்து, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்காரலாமா வேண்டாமா என்பது வரை அந்த க்ரூப்பில் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வரும்.

"இன்டர்வியூவுக்குக்கூடவா கேக்கணும்?"

"குரு இல்லாம ஒரு அடி எடுத்து வெச்சாலும் தப்பாப் போகும் மச்சி."

"அப்ப அரியர் பேப்பரை யாரு எழுதுவா... அவரா?"

முறைத்தான். கொஞ்ச நேரம் கழித்து சீரியஸாகக் கேட்டான். "சும்மா கிண்டல் பண்ணாத. குரு இல்லாம ஞானம் அடைஞ்சவங்க ஒருத்தர் பேரைச் சொல்லு பார்ப்போம்."

"ரமணர்."

"டேய்... அவரே பெரிய குருடா! அவரைப் பார்க்க உலகமே வந்துச்சு."

எனக்கு 'ஙே' என்று ஆகிவிட்டது. அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. குருவே இல்லாத ஒருவர், எல்லோருக்கும் குரு ஆனது எப்படி? அப்படி ஆனவர் தன்னிடம் வந்தவர்களை என்ன செய்தார்? 'போய்ப் பார்த்துட்டே வந்துடலாம்' என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் பௌர்ணமி. டிக்கெட் காசு நான் போட்டேன். அவனிடம் ஏது?

பையை மேல வைங்க தம்பி!

முன்பெல்லாம் தாம்பரத்திலேயே திருவண்ணாமலை பஸ் பிடிக்கலாம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்த பிறகு அந்தச் சொகுசு போச்சு. வண்டலூர் தாண்டி இறங்கி, பௌர்ணமிக் கூட்டத்தில் நீந்தி, ஒருவழியாக ஜன்னல் சீட் பிடித்தோம். நம்ம ஆள் லேப்டாப் பையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். கண்டக்டர் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி... பஸ்தானே சுமக்குது, மேல வெச்சா என்ன?" என்றார்.

அந்த அண்ணனுக்குத் தெரியுமோ தெரியாதோ, கிட்டத்தட்ட இதே உதாரணம் ரமணரின் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் பஸ்ஸுக்குப் பதில் ரயில். ரயில் எல்லாப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்போது, அதில் ஏறிய நாம் நம் மூட்டையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்கிறார். கடவுள்மேல் பாரத்தைப் போடு என்பதுதான் அதன் பொருள்.

"பார்த்தியா! ரமணரே சரணாகதின்னுதான் சொல்லியிருக்கார்!" என்று துள்ளினான் ரூம்மேட். ஒன்-நில். அவனுக்குத்தான் கோல்.

ஆனால், அதே புத்தகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கரன்ட் கிளாஸுக்கு லேட் ஆச்சு!

1896, ஆகஸ்ட் 29. சனிக்கிழமை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு. பதினாறு வயசுப் பையன் வெங்கடராமன், இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தரம் எழுதிக்கொண்டு இருக்கிறான். படிக்காமல் போனதற்காக ஸ்கூலில் கொடுத்த இம்போசிஷன். அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல் மாணவன். அப்பா சுந்தரம் ஐயர் 1892-லேயே இறந்துவிட்டார். திருச்சுழியில் பிறந்த பையன், சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறான்.

ரெண்டு தடவை எழுதினான். மூணாவதில் கை ஓடவில்லை. எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நாளாகவே அவன் இப்படித்தான். பார்த்துக்கொண்டு இருந்த அண்ணன் நாகசாமிக்குக் கடுப்பு. 'இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?' என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். அண்ணன் சொல்வது நியாயம்தானே என்று தம்பிக்குப் பட்டுவிட்டது!

எழுந்தான். ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றான். என்ன கிளாஸ் தெரியுமா? எலெக்ட்ரிசிட்டி! (ஈ.இ.இ. மக்களே, கிளாஸை கட் அடிச்சவங்க லிஸ்ட்ல உங்களுக்கு ஒரு சூப்பர் சீனியர் இருக்கார்.) அண்ணன் விடவில்லை. "அப்படியே பெட்டியில இருந்து அஞ்சு ரூபாய் எடுத்துட்டுப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு" என்கிறார். தெரியாமலே தம்பிக்கு வழிச்செலவுக்குக் காசு கொடுத்துவிட்டார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பையன் ஐந்து ரூபாயையும் எடுக்கவில்லை. எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டு மூன்று ரூபாய் எடுத்தான். மிச்சம் ரெண்டு ரூபாயை ஒரு லெட்டரோடு வைத்தான். தன் தகப்பனைத் தேடி, அவர் உத்தரவுப்படியே கிளம்பிவிட்டதாகவும், தன்னைத் தேடுவதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். தகப்பன் என்று அவன் சொன்னது அருணாசலத்தை. கடைசியில் மறக்காமல் ஒரு தகவல்... 'உன் காலேஜ் ஃபீஸ் இன்னும் கட்டலை, ரெண்டு ரூபாய் இதோடு இருக்கு' என்று! 'நான்' என்று ஆரம்பித்த லெட்டர், ரெண்டாவது வரியிலேயே 'இது' என்று மாறிவிடும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

"ஃபீஸ் பணத்தை எடுத்துட்டுத்தானே ஓடியிருக்கார்... என்னை மட்டும் திட்டுற?" என்றான் ரூம்மேட்.

"மிச்சத்தை வெச்சுட்டு, கணக்கும் எழுதி வெச்சுட்டுப் போனார்டா. நீ உங்கப்பாகிட்ட சொன்னியா?"

செங்கல்பட்டு வரைக்கும் பேசவில்லை.

குன்றத்தூர் கனெக்‌ஷன்

இந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. மதுரையை விட்டுக் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு, அதே வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, திடீரென்று சாகப் போகிறோம் என்று ஒரு பயம் வந்தது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நாமாக இருந்தால் அலறி இருப்போம், இல்லை கூகுளில் தேடி இன்னும் பயந்திருப்போம். அவன் டாக்டரைக் கூப்பிடவில்லை, பெரியவர்களிடம் ஓடவில்லை. 'சரி, சாவு வந்துடுச்சு. சாகறது எது?' என்று பார்க்கத் தரையில் படுத்துவிட்டான். கை காலை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, வாயை மூடி... பக்கா லேப் எக்ஸ்பெரிமென்ட். உடம்பு போய்விட்டால் நான் போய்விட்டேனா என்பது கேள்வி. இல்லை என்பது அவனுக்குக் கிடைத்த ரிசல்ட். அந்தப் பயம் அதற்கப்புறம் வரவே இல்லை.

அதுவரை அவன் படித்திருந்த பக்தி நூல்களில் பெரிசு என்றால் சித்தப்பா வாங்கி வந்திருந்த பெரியபுராணம்தான். அதை எழுதிய சேக்கிழார் யார்? நம்ம பக்கத்து ஊர் ஆள்! பல்லாவரத்தில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாமே, அந்தக் குன்றத்தூர். 12-ம் நூற்றாண்டில் சோழ அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் பாடிய அறுபத்துமூன்று பேரில் கண்ணப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வேடர். எந்த வாத்தியாரும் அவருக்குப் பூஜை சொல்லித் தரவில்லை. வாயில் தண்ணீர் கொண்டுவந்து, பன்றிக் கறியைப் படைத்து, ஆறே நாளில் பாஸ்! முறைப்படி பூஜை செய்த சிவகோசரியார், மறைந்து நின்று அதைப் பார்க்க வேண்டி வந்தது. பதினாறு வயசில் இதைப் படித்த ஒரு பையனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

திண்டிவனத்தில் பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு செஞ்சிப் பக்கம் திரும்பியது. வெங்கடராமன் எடுத்த ரயில் டிக்கெட்டும் இந்தத் திண்டிவனத்துக்குத்தான். அவன் பார்த்த அட்லஸ் பழசு. விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் போட்டாகிவிட்டது என்பது அதில் இல்லை. டிக்கெட் ரெண்டு ரூபாய் பதிமூன்று அணா. மூன்று ரூபாயில் மிச்சம் மூன்று அணா! ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு மௌல்வி பேச்சுக் கொடுத்து, 'திண்டிவனம் எதுக்கு? விழுப்புரத்துலயே இறங்கி வண்டி மாறு' என்று சரியான வழியைச் சொன்னார். குரு இல்லாமல் கிளம்பியவனுக்கு வழி சொன்னவர் யாரென்றே தெரியாத ஒரு முஸ்லிம் பெரியவர். இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

காசு போதவில்லை. மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை. அரகண்டநல்லூர் கோயில், கீழூர்... கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. அவரிடம் காதில் இருந்த கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான். கடுக்கன் இருபது ரூபாய் பெறும். வெளியே வந்ததும், அடகு ரசீதாக இருந்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். செப்டம்பர் 1-ம் தேதி காலை திருவண்ணாமலை.

குளத்தில் போட்ட பணம்

நாங்கள் போய்ச் சேரும்போது ராத்திரி ஒன்பதரை. ஊரே ஜே ஜே என்று இருந்தது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம். வழி முழுக்க சுக்கு காபி, சாம்பிராணி, கால் வலிக்கு எண்ணெய், 'குருநாதர்' படம் போட்ட ஃபிளெக்ஸ். எட்டாவது கிலோமீட்டரில் என் செருப்பு அறுந்தது. அதற்குமேல் அந்த நடையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கால் வலி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்.

காலையில் அய்யங்குளத்தைத் தேடிப் போனோம். 'மொட்டை அடிச்சுக்கணுமா?' என்று யாரோ கேட்க, வெங்கடராமன் தலையாட்டியது இந்தக் குளத்தங்கரைக்குத்தான். குடுமி போனது. பூணூலைக் கழற்றினான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டான். மிச்சம் இருந்த மூன்றரை ரூபாயையும் கையில் இருந்த பலகாரப் பொட்டலத்தையும் குளத்தில் எறிந்துவிட்டான். 1896-ல் மூன்றரை ரூபாய் என்பது சின்னக் காசு இல்லை. மதுரையில் இருந்து இங்கே வந்த டிக்கெட்டே அதைவிடக் குறைச்சல். அதற்கப்புறம் 1950 ஏப்ரல் 14-ம் தேதி உடம்பை விடும் வரை அந்த ஊரைத் தாண்டவில்லை, காசைத் தொடவில்லை.

ரூம்மேட் ரொம்ப நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முப்பதாயிரம்டா..." என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி.

கேட்டவரையே திருப்பிக் கேட்டவர்

ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருந்து மலை ஏறும் பாதை விருபாட்ச குகைக்குப் போகிறது. 1899-ல் இருந்து 1916 வரை ரமணர் இருந்த இடம். சின்ன இடம். உள்ளே இருட்டு, கதகதப்பு. 1902 வாக்கில் தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸில், ரெவின்யூ பிரிவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் இங்கே வந்தார். காலேஜில் தத்துவம் படித்தவர். அப்போது ரமணருக்கு வயசு இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதாவது, நம்ம செட்! பேச மாட்டார். பிள்ளை முதலில் கேட்டது, 'சுவாமி, நான் யார்?'. எழுதிக் காட்டினார் ரமணர். இப்படிக் கேள்வியும் பதிலுமாகச் சேர்ந்ததுதான் 'நான் யார்?'. 1923-ல் பிள்ளை அதைப் புத்தகமாகப் போட்டார்.

பஸ்ஸில் பாக்கி வைத்த இடத்துக்கு இப்போது வருகிறேன். குருவாலேயே ஒருத்தருக்கு முக்தி வாங்கித் தர முடியாதா என்று ஒரு கேள்வி அதில் வரும். ரமணர் அங்கே குருவைக் குறைத்துப் பேசவில்லை. குருவின் பார்வையில் விழுந்தவன், புலி வாயில் விழுந்த இரை மாதிரி, தப்பவே முடியாது என்கிறார். ஆனால், உடனே ஒரு 'ஆனாலும்' போடுகிறார். குரு காட்டிய வழியில் அவனவன் காலால்தான் நடக்க வேண்டும். தன்னைத் தன் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ராமனுக்குத் தான் ராமன் என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி வேண்டுமா என்பது அவர் கேட்கும் கேள்வி.

ஒன்-ஆல்!

'நீங்களே குரு இல்லாமல்தானே வந்தீர்கள்' என்று அவரிடம் பல பேர் மடக்கியிருக்கிறார்கள். அவர் தனக்கு குருவே இல்லை என்று மார்தட்டியதில்லை. குரு மனுஷ வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, தனக்கு இந்த மலைதான் குரு என்பார். தத்தாத்ரேயருக்கு இருபத்துநாலு குரு என்று பாகவதத்தில் வருவதை எடுத்துக் காட்டுவார். அந்த லிஸ்ட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மலைப்பாம்பு, தேனீ, புறா, கையில் ஒற்றை வளையலோடு நெல் குத்தும் பெண், ராஜா ஊர்வலம் போனதைக்கூடக் கவனிக்காமல் அம்பு செய்தவன், பிங்களை என்ற தாசி... ஒருத்தரும் ஃபீஸ் கேட்கவில்லை. அதில் பாதிப் பேருக்குத் தாங்கள் குரு ஆன விஷயமே தெரியாது!

அவராக யாருக்கும் சடங்கு முறையில் தீட்சை கொடுத்ததில்லை, யாரையும் தன் சீடன் என்று சொல்லிக்கொண்டதில்லை. வேலையை விடட்டுமா, சந்நியாசம் வாங்கட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களை, இருக்கிற இடத்திலேயே இரு என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்பினார். விடிவதற்கு முன்னாடியே எழுந்து அடுப்படிக்குப் போய்க் காய் நறுக்குவார். மலையில் இருந்த காலத்தில் துண்டு கிழிந்துபோனபோது, யாரிடமும் கேட்காமல் முள்ளில் காது குத்தி ஊசியாக்கி, அந்தத் துணியிலேயே நூல் உருவித் தைத்துக்கொண்டாராம். அவருக்குப் பிறகு இந்த ஆசிரமத்தில் 'அடுத்த குரு' என்று ஒருவர் உட்காரவும் இல்லை.

போ என்று சொன்ன குரு

என்னைக் கொஞ்சம் உலுக்கியது அண்ணாமலை சுவாமி கதை. 1928-ல் வந்து சேர்ந்த இளைஞர். ஆசிரமத்தில் மாட்டுக் கொட்டகை, சாப்பாட்டுக் கூடம் என்று பல கட்டடங்களை நின்று கட்டியவர். பிளான் எல்லாம் ரமணர் சொல்லச் சொல்ல! பத்து வருஷம் இப்படி. நம் பாஷையில் சொன்னால் குருவின் பெட் ஸ்டூடன்ட். அவர் 1938-ல் ஆசிரமத்தை விட்டுப் பக்கத்தில் இருக்கும் பலாக்கொத்துக்குப் போய்த் தனியாக இருந்து தியானம் செய்ய விரும்பியபோது, ரமணர் சந்தோஷமாகச் சரி என்றார். அங்கே இருந்து தினமும் பார்க்க வருவார். கொஞ்ச வருஷம் கழித்து ஒருநாள், அவர் வந்து நின்றபோது ரமணர் துணியால் தலையை மூடிக்கொண்டு பார்க்காமலே இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, எதற்கு என்னைத் தேடி வருகிறாய், சும்மா இரு என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. அண்ணாமலை சுவாமிக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் போகவே இல்லை. கூப்பிடு தூரத்தில் குரு இருக்கிறார், போய்ப் பார்க்கக் கூடாது! 1995-ல் இறக்கும் வரை பலாக்கொத்திலேயே இருந்தார்.

"இது ரொம்ப அநியாயம்டா" என்றான் ரூம்மேட். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இப்பவும் முழுசாக ஜீரணம் ஆகவில்லை.

இன்னொருவர் பூஞ்சா. பஞ்சாப்காரர், கிருஷ்ண பக்தர். 1944-ல் ரமணரைப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் ஒரு வேலையில் இருந்துகொண்டே அடிக்கடி இங்கே வந்துபோனார். வருஷக்கணக்காகச் செய்த ஜபம் திடீரென்று ஓடவில்லை என்று கலங்கி வந்து நின்றார். ரமணர், 'மெட்ராஸில் இருந்து எதில் வந்தாய்? ரயிலில். இப்போது அந்த ரயில் எங்கே?' என்கிற மாதிரி விசாரித்தார். வந்து சேர்ந்த பிறகு ரயிலை யாரும் ஆசிரமத்துக்குள் இழுத்துக்கொண்டு வருவதில்லையே! 1947-ல் நாடு பிரியும் நேரம். பஞ்சாபில் இருக்கும் குடும்பத்தைப் போய்க் காப்பாற்று என்று ரமணர் சொல்ல, உங்களை விட்டு எப்படிப் போவேன் என்று அவர் அடம்பிடித்தார். கடைசியில் போனார், குடும்பத்தை லக்னோவுக்குக் கூட்டிவந்தார். ரமணரை மறுபடி பார்க்கவே இல்லை.

நம் ஊரில் இது ரமணரோடு ஆரம்பித்ததும் இல்லை. அதே விழுப்புரம் பக்கம் திருவெண்ணெய்நல்லூரில், 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் என்ற சின்னப் பையன் சைவ சித்தாந்தம் சொல்லிக்கொண்டு இருந்தார். அந்தக் குடும்பத்துக்கே குரு, சகல ஆகமமும் படித்த அருணந்தி. 'ஆணவம்னா என்ன?' என்று பையனை மடக்க வந்தார். பையன் பதில் சொல்லாமல் அவரை மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான். பெரியவர் காலில் விழுந்து சீடன் ஆகிவிட்டார் என்பது வரலாறு. ஹெச்.ஓ.டி. வந்து ஃபர்ஸ்ட் இயர் பையன் காலில் விழுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!

அடையாறு ரிட்டர்ன்

திரும்பி வரும்போது ரூம்மேட் அடுத்த பந்தைப் போட்டான். "ரமணர் மலையில இருந்தார். அவருக்கு எதுவும் தேவையில்ல. ஆனா எல்லாமே கையில இருக்கிற குரு எவனாவது 'என் பின்னாடி வராத'ன்னு சொல்லுவானா?"

சொன்னவர் இருக்கிறார். அதுவும் வேளச்சேரி வழியாகப் பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய நம்ம அடையாறில். 1909-ல் தியாசபிக்கல் சொசைட்டி வளாகத்தை ஒட்டிய கடற்கரையில் விளையாடிக்கொண்டு இருந்த பையனைப் பார்த்து, இவன்தான் வரப்போகும் உலக குரு என்றார் லெட்பீட்டர். ஜே.கிருஷ்ணமூர்த்தி. 1911-ல் அவரைத் தலைவராக வைத்து ஒரு இயக்கமே தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆள், நிலம், பணம். 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், அன்னி பெசன்ட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்க, அந்த இயக்கத்தையே கலைத்தார். உண்மைக்குப் போக யாரும் ரோடு போட்டுத் தர முடியாது, எனக்குப் பின்னால் யாரும் வர வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். நன்கொடையாக வந்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது வயசு முப்பத்துநாலு.

ஆனால் ஒன்று... பின்னால் வராதே என்று சொன்னவர் பேச்சைக் கேட்கவும் கூட்டம் ஓயவில்லை. அவருடைய கடைசிப் பொதுப் பேச்சு, 1986 ஜனவரி 4-ம் தேதி கிரீன்வேஸ் ரோடு வசந்த விஹாரில் நடந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயசு. குருவே வேண்டாம் என்பதையும் ஒரு குருவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம் போல. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரிந்ததா என்றும் சந்தேகம்.

"கிளாஸ்ல சொல்லிக் குடுத்த மூச்சுப் பயிற்சி நல்லாத்தான்டா இருந்துச்சு. தூக்கம் வந்துச்சு" என்றான் ரூம்மேட். உண்மையாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. தூக்கத்தைக் கொடுத்தவர்கள், இன்டர்வியூவுக்குப் போகவிடாமல் ஏன் பிடித்து வைத்தார்கள் என்பது மட்டும்தான் என் கேள்வி. விவேகானந்தர்கூட ராமகிருஷ்ணரின் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாயை ஒளித்து வைத்து டெஸ்ட் செய்துதானே பார்த்தார்! ராமகிருஷ்ணர் கோபப்படவில்லை, தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னவரே அவர்தான். நம்ம ஆள் அந்த வாட்ஸ்அப் க்ரூப்பில், 'தீட்சைப் பணம் திரும்பக் கிடைக்குமா?' என்று திண்டிவனத்தில் ஒரு மெசேஜ் போட்டான். மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் அவனை க்ரூப்பில் இருந்து தூக்கிவிட்டார்கள்.

கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு மணி. ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ரெண்டு டீ சொன்னேன். அவன் கொஞ்சம் தள்ளிப் போய் போன் போட்டான்.

"அப்பா... ஃபீஸ் இன்னும் கட்டலைப்பா." அப்புறம் முழுசாகச் சொன்னான். எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று ஒன்று விடாமல். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவன் காதில் இருந்து போனை எடுத்து, கட் ஆகிவிட்டதா என்று பார்த்தான். ஆகவில்லை.

"கடைசித் தேதி என்னிக்கு?" என்று கேட்டிருக்கிறார் அவங்க அப்பா.

"வெள்ளிக்கிழமைப்பா. ஃபைனோட."